கீழ்த்தளத்தில் இருந்தவள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 'டிரிங்கோமலி' என்ற பாய்மரப் போர்க்கப்பல் இன்றும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆங்கில நாக்கில் சிதைந்த அந்தப் பெயரை நம் நாக்கில் சொன்னால், திருகோணமலை. 1817 அக்டோபர் 12 அன்று பம்பாய்த் துறையில் கடலில் இறக்கப்பட்ட கப்பல் அது. கட்டியவர் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா என்ற பார்சி. கட்டப் பயன்பட்டது மலபார்த் தேக்கு. மிதக்கும் நிலையில் உள்ள பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது.

அதன் கதையில் பல திருப்பங்கள் உண்டு. முதலில் அனுப்பிய வரைபடங்கள் வழியில் கடற்போரில் பறிபோயின. மறுபடி படி எடுத்து அனுப்பி, 1816இல்தான் வேலை தொடங்கியது. கட்டி முடிப்பதற்குள் நெப்போலியன் போர்களே முடிந்துவிட்டன. 1897இல் உடைப்பதற்கு விற்றார்கள். அதை வாங்கிய ஒருவர் பெயரை மாற்றிப் பயிற்சிக் கப்பலாக்கினார். 1986 வரை அப்படியே ஓடியது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்கு இழுத்து வந்து, பத்தாண்டுக்கும் மேல் உழைத்து, 2001இல் பழைய உருவத்துக்குத் திருப்பினார்கள். பழைய பெயரும் திரும்பியது. இன்று அது அருங்காட்சியகம். கூடவே திருமணத்துக்கும் விருந்துக்கும் வாடகைக்குக் கிடைக்கும் மண்டபம்.

இதைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு முகம் சுளிக்கத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரக்கப்பலைக் காப்பது ஓயாத செலவு. மழையும் உப்பும் புழுவும் மரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். நுழைவுச்சீட்டு விற்று மட்டும் அதை ஈடுகட்ட முடியாது. கோயில் மண்டபத்தில் தாலி கட்டுகிற நமக்கு, பழைய இடத்தில் புதிய வாழ்க்கையைத் தொடங்குவதில் வியப்பும் இல்லை. என் கேள்வி வேறு. ஒரு கப்பலை மீட்டெடுக்கிறோம் என்றால் அதில் எதை மீட்கிறோம்? பாய்மரத்தை மீட்கிறோம், பீரங்கித் தளத்தை மீட்கிறோம், தலைவனின் அறையை மேசை நாற்காலியோடு மீட்கிறோம். அந்தக் கப்பல் உலகத்துக்குச் சோறு போட்டவர்களையும் அதன் வயிற்றில் போனவர்களையும் எப்படி மீட்பது? ஆங்கிலத்தில் கப்பலை 'அவள்' என்று சொல்வது நெடுநாள் வழக்கம். அவளுக்குள் இருந்த பெண்களைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

திருகோணமலைக் கப்பலோடு நமக்குப் பெயரளவில்தான் உறவு. சரக்களவில் உறவுள்ள கப்பல்கள் வேறு. அவை பழவேற்காட்டுக்கு முன்னால் நங்கூரமிட்டவை.

வெறும் பீப்பாய்கள்

நாம் ஒல்லாந்தர் என்று அழைத்த டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் பிறந்து 1799இல் கலைந்தது. அந்த இடைவெளியில் சுமார் 1,500 கப்பல்களைக் கட்டியது. அவற்றில் ஒன்றுகூட இன்று முழுதாக மிஞ்சவில்லை. அதனால் ஒல்லாந்தர் தங்கள் கப்பல்களை மீட்கவில்லை. படி எடுத்துப் புதிதாகக் கட்டினார்கள். அப்படிக் கட்டியவற்றில் ஒன்று ஆம்ஸ்டர்டாம் நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தை ஒட்டி நிற்கிறது. கப்பலின் பெயரும் ஆம்ஸ்டர்டாம்தான்.

அசல் ஆம்ஸ்டர்டாம் 1749 ஜனவரியில் பத்தாவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை நோக்கி முதல் பயணம் புறப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். புயலில் சுக்கான் போய், அதே மாதம் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் அருகே தரைதட்டியது. அந்த மரம் இன்னும் அங்கேதான் மணலுக்குள் கிடக்கிறது. கடல் நன்றாக உள்வாங்கும் நாட்களில் அதன் விலா எலும்புகள் வெளியே தெரியும். படி எடுத்த கப்பலைத் தன்னார்வலர்கள் 1985 முதல் 1990 வரை கட்டினார்கள். நீளம் 48 மீட்டர்.

ஒரு கருத்தரங்கை ஒட்டிக் கிடைத்த ஓய்வு நாளில் அதில் ஏறிப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மேல்தளத்தில் காற்றும் கயிறும். பின்புறம் தலைவனின் அறையில் சன்னல் வெளிச்சம், நீண்ட மேசை. ஒரு தளம் இறங்கினால் பீரங்கிகள். அதற்கும் கீழே இறங்கினால் தலை குனிந்துதான் நிற்க முடியும். அங்கே பீப்பாய்கள், பெட்டிகள், மூட்டைகள். கப்பலின் மேலும் கீழும் இரண்டு உலகங்கள் என்பது படிக்கட்டில் இறங்கும்போதே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. மேலே நிமிர்ந்து நடந்தவர்கள், கீழே குனிந்து கிடந்தவர்கள்.

அந்தக் கீழ்த்தளத்தில் நான் பழவேற்காட்டை நினைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: ஆம்ஸ்டர்டாம் என்ற இந்தக் குறிப்பிட்ட கப்பல் அடிமைகளை ஏற்றியதில்லை. அது ஆசியாவுக்கு வந்துசேரவே இல்லை. வெள்ளிப் பணத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, சரக்கு வாங்குமுன்பே சாய்ந்துவிட்டது. அதனாலேயே விருந்துக்கும் விழாவுக்கும் அது தோதான கப்பல் என்று நினைக்கிறேன். தொடக்கம் மட்டுமே உள்ள கப்பல் அது. அந்த வெள்ளி எதை வாங்கப் போனது, திரும்பும் வழியிலும் ஆசியத் துறைகளுக்கு இடையிலும் அதே கம்பெனியின் மற்றக் கப்பல்கள் எதை ஏற்றின என்பது அதன் கதைக்குள் வராது. அந்தப் பாதிக்கதை நம் கரையில் கிடக்கிறது.

அரசியின் துறை, நூற்பவளின் துணி

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஏரியும் கடலும் சந்திக்கும் முகத்துவாரம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் வந்தபோது பழவேற்காடு ஆளில்லாத மணல்மேடு அன்று. தமிழ் முஸ்லிம் வணிகர்களும் செட்டிகளும் மலாக்காவரை கப்பல் விட்டுக்கொண்டிருந்த துறை. விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியின் அரசியரில் ஒருவருடைய ஆளுகையில் அப்போது ஊர் இருந்தது. ஒல்லாந்தருக்கு அனுமதி கிடைத்ததிலும், 1612இல் சாந்தோம் போர்த்துகீசியர் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கி அழித்த பிறகு கோட்டை எழுந்ததிலும் அந்த அரசிக்குப் பங்குண்டு. அவர் தொடங்கிய கோட்டையை ஒல்லாந்தர் 1613இல் முடித்துக்கொண்டார்கள். அதைக் கட்டி முடித்த வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக 'கெல்ட்ரியா' என்று பெயரிட்டார். கோட்டைக்கு அவர் ஊரின் பெயர் நின்றது. அரசியின் பெயரோ புத்தகத்துக்குப் புத்தகம் வேறு வேறு வடிவத்தில் வருகிறது.

அதன்பின் 1690 வரை, கோரமண்டல் கரையில் கம்பெனியின் தலைமையிடம் பழவேற்காடுதான். பிறகு நாகப்பட்டினத்துக்கு மாறி, 1781இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தைப் பிடித்த பின், மறுபடி தலைமையிடமாகி, 1825இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இவ்வளவு தூரம் கடந்து அவர்கள் வந்தது நம் துணிக்காக. மொலுக்காத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் விளைவிப்பவர்களுக்கு ஐரோப்பாவின் கம்பளி வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கேட்டது கோரமண்டல் துணி. ஆகவே வெள்ளியைக் கொடுத்து இங்கே துணி வாங்கி, துணியைக் கொடுத்து அங்கே மசாலா வாங்கினார்கள். பழவேற்காட்டுக் கட்டம்போட்ட கைக்குட்டை பின்னாளில் உலகச் சந்தையில் ஊரின் பெயராலேயே அறியப்பட்டது.

துணி வரலாற்றில் நெசவாளியின் பெயராவது சாதிப் பெயராக வரும். நூல் நூற்றவள் வருவதே இல்லை. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல கைகள் நூற்க வேண்டும். அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. சங்கப் பாடல்களிலேயே இரவில் விளக்கொளியில் பஞ்சு நூற்கும் பெண்ணைப் பார்க்கிறோம். அவள் பெரும்பாலும் துணையற்றவள். ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழித்துக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் துணிக்கட்டுகள் எண்ணப்பட்டபோதும் அவள் கூலி தறிக்காரர் கணக்குக்குள் கரைந்து கிடந்தது. சரக்கறையில் நான் பார்த்த மூட்டைகளுக்குள் முதலில் இருந்தவள் அவள்.

சரக்குப் பட்டியலில் மனிதர்

இரண்டாமவள் மூட்டைக்குள் இல்லை. மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தாள்.

1619இல் யான் பீட்டர்ஸூன் கூன் பத்தாவியாவை நிறுவினார். 1621இல் ஜாதிக்காய் விளையும் பந்தாத் தீவுகளைப் படையெடுத்துப் பிடித்தார். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் கொலைக்கும் பசிக்கும் நாடுகடத்தலுக்கும் தப்பி எஞ்சியவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஆளில்லாத் தோட்டங்களுக்கும் புதிய நகரத்துக்கும் கைகள் தேவைப்பட்டன. கம்பெனி அந்தக் கைகளை வங்காள விரிகுடாவின் கரைகளில் வாங்கியது. அராக்கானில் வாங்கியது, வங்காளத்தில் வாங்கியது, நம் கரையிலும் வாங்கியது.

இந்த வணிகத்தை ஒல்லாந்த ஆவணங்களிலிருந்து தொகுத்தவர்களில் மார்கஸ் விங்க் முக்கியமானவர். அவர் தரும் எண்களைப் பாருங்கள். 1622–23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து 1,900 பேர். 1646இல் பத்தாவியாவுக்கு 2,118 பேர், பெரும்பாலும் தென் கோரமண்டலிலிருந்து. 1659–61இல் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் கம்பெனி வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 வரை. பெரும்பகுதியினர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள்.

எண்கள் சீராக ஏறவில்லை, திடீரென்று எகிறுகின்றன. எகிறும் ஆண்டுகளைக் கவனித்தால் காரணம் தெரியும். மழை பொய்த்த ஆண்டு, நாயக்கர்களுக்கும் விஜயநகரத்துக்கும் சண்டை நடந்த ஆண்டு, பீஜப்பூர்ப் படை தஞ்சாவூர் வயல்களை மிதித்த ஆண்டு. நெல் விலை ஏறும்போது மனித விலை இறங்கும். கம்பெனிக்கு மனிதரைப் பிடித்துவர வேட்டைக்குப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கரையில் காத்திருந்தால் போதும். பசியும் உள்ளூர்த் தரகரும் அழைத்து வந்தார்கள்.

உள்ளூர்த் தரகர் என்பதை விழுங்கிவிட்டு இந்த வரலாற்றை நாம் பேச முடியாது. அடிமை முறை ஒல்லாந்தர் கொண்டுவந்த சரக்கு அன்று. 1201ஆம் ஆண்டின் திருப்பாம்புரம் கல்வெட்டு, பஞ்சத்தில் ஒரு வேளாளர் தன் இரு மகள்களோடு தன்னையும் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. நிலத்தோடு சேர்த்து ஆட்களை விற்ற ஓலைகள் நம்மிடம் உண்டு. அப்படி விற்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதியினர் என்பதும் நமக்குத் தெரியும். அந்தக் கல்வெட்டில் இரு மகள்களும் தந்தையின் முடிவுக்குள் அடங்கி வருகிறார்கள். அவர்கள் சம்மதித்தார்களா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. கம்பெனி செய்தது, ஏற்கெனவே இருந்த இந்தக் கதவுக்கு முன்னால் ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான். கோயிலுக்கு விற்கப்பட்டவள் தன் மொழி பேசும் ஊரிலாவது இருந்தாள். கப்பலில் ஏற்றப்பட்டவளுக்குத் திரும்பி வர வழி இல்லாமல் போயிற்று.

பழவேற்காட்டுக் கத்ரைன்

அப்படிப் போனவர்களில் ஒருத்தியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க முடிகிறது. ஆவணங்கள் அவளைக் 'குரோட்டே கத்ரைன்' என்கின்றன. பெரிய கத்ரைன் என்று பொருள். முழுப்பெயராக எழுதும்போது 'கதரீனா வான் பாலியகத்தா'. வான் என்றால் 'இன் ஊரைச் சேர்ந்த'. பாலியகத்தா என்பது பழவேற்காடு.

அவள் பத்தாவியாவில் அடிமையாக இருந்தாள். கிளாஸ் என்ற மலபார் அடிமையோடு அவளுக்கு உறவு இருந்தது. 1656இல் தன்னை அடித்த அவனை அவள் திருப்பித் தாக்கினாள். அவன் இறந்துவிட்டான். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிறகு அதை ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றியது. 1657இல் தாயகம் திரும்பும் கப்பலில் ஏற்றி, வழியில் ஆப்பிரிக்காவின் தென்முனையில் இறக்கிவிட்டார்கள். நன்னம்பிக்கை முனையில் ஒல்லாந்தர் குடியேறி அப்போது ஐந்தே ஆண்டு. கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொடுப்பதற்காக யான் வான் ரீபேக் 1652இல் அமைத்த இடம் அது. அந்தத் தளபதியின் வீட்டில் கத்ரைன் துணி வெளுத்தாள். அந்தக் குடியேற்றத்தில் பதிவாகியுள்ள பெண் கைதிகளில் மிக முந்தியவள் அவளே.

1669இல் அவளுடைய மகன் கிறிஸ்டோஃபலுக்கு ஞானஸ்நானம் நடந்தது. தந்தை கம்பெனியின் சிப்பாய், ஸ்னைமன் என்ற குடும்பப்பெயர் கொண்டவர். 1671இல் அவள் வங்காளத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு விடுதலையடைந்த அந்தோனி என்பவரைத் திருமணம் செய்துகொண்டாள். மகன் வளர்ந்து, பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த குடும்பத்துப் பெண்ணை மணந்தான். இன்று தென்னாப்பிரிக்காவின் வெள்ளை ஆப்பிரிக்கானர் மக்களிடையே ஸ்னைமன் பரவலான குடும்பப்பெயர். இன ஒதுக்கலைச் சட்டமாக்கிய சமூகத்தின் குலமரத்து வேர்களில் ஒன்று பழவேற்காட்டுக் கரையில் இருக்கிறது.

இந்தக் கடைசிச் செய்தியைத்தான் கட்டுரைகள் விரும்பிச் சொல்கின்றன. கேட்க வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை அவள் யாருக்குத் தாயானாள் என்பதால் மட்டும் பொருள் பெறும்போது நாம் நின்று யோசிக்க வேண்டும். எனக்கு முக்கியமாகப்படுவது 1656. அடித்தவனைத் திருப்பி அடித்த ஓர் அடிமைப்பெண். அவளை ஆவணத்துக்குள் கொண்டுவந்தது அந்தச் செயல்தான். அடி வாங்கிக்கொண்டு இருந்திருந்தால் நமக்கு அவள் கிடைத்திருக்க மாட்டாள். அவளோடு போன மற்றப் பெண்கள், வழக்கு ஏதும் இல்லாமல் தோட்டத்திலும் அடுப்படியிலும் செத்தவர்கள், எண்ணுக்குள் இருக்கிறார்கள். தண்டிக்கப்பட்ட பெண் மட்டுமே பெயரோடு தெரிகிறாள். பெண் வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது பழகிய விதி. நம் ஊர்க் காவல் பதிவுகளிலும் பஞ்சாயத்துத் தீர்ப்புகளிலும் இதே விதிதான்.

பெயரோடு தெரிகிறாள் என்றேன். அதுவும் அவள் பெயர் அன்று. கதரீனா அவர்கள் வைத்தது. அடிமைகளுக்குக் கம்பெனி உலகம் பெயரிட்ட முறை இது: ஏதோ ஒரு முதற்பெயர், பின்னால் ஊர். வான் மலபார், வான் பெங்காலே, வான் கோரமண்டல், வான் பாலியகத்தா. அந்த ஊரும் பிறந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. விற்கப்பட்ட துறையாக இருக்கலாம். தாய் அவளை எப்படிக் கூப்பிட்டாள் என்பது போய்விட்டது. எங்கே கப்பல் ஏறினாள் என்பது அவள் குடும்பப்பெயராகிவிட்டது.

என் வகுப்பில் ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வரும் மாணவிகள் உண்டு. கத்ரைனைப் பற்றிச் சொன்ன அன்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "எங்க ஊர்ப் பேரையா மேம் அவங்களுக்கு வச்சாங்க?" நான் ஆமாம் என்றேன். அவள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். ஊரின் பெயர் தபால் முகவரியில் மட்டும் இருப்பதல்ல, ஒருத்தியின் உடம்போடு மூன்று கரைகளுக்குப் போய் வந்த சொல் என்று அந்த வகுப்புக்கு அன்று புரிந்தது.

எதைக் காட்டுவது

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம். வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே பெரிய கற்பலகைகள், பூவேலை, குலச்சின்னம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதிகாரிகளின் மனைவியரும் குழந்தைகளும் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இன்னாரின் மனைவி என்று கல்லில் பெயரும் உண்டு. கோட்டையோ புதர் மண்டிய மேடு. கோட்டைக்குப்பம் என்ற ஊர்ப்பெயரில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. கத்ரைனுக்கும் 1622இல் ஏற்றப்பட்டவர்களுக்கும் கல் இல்லை. அவர்கள் இங்கே சாகவில்லை, இங்கிருந்து போனார்கள். போனவர்களுக்குக் கல் நடும் வழக்கம் எந்த ஊரிலும் குறைவு.

மேல்தளத்தை மட்டும் காட்டும் பழக்கம் உலகில் மெல்ல மாறி வருகிறது. அமெரிக்காவில் பழைய அடிமைத் தோட்ட மாளிகைகளில் திருமணம் செய்வது பெரிய வணிகம். 2019இல் திருமண ஏற்பாட்டுத் தளங்கள் சில அந்த இடங்களைக் காதல் அழகோடு விளம்பரப்படுத்துவதை நிறுத்தவோ குறைக்கவோ முடிவு செய்தன. கானாவின் எல்மினா கோட்டை 1637 முதல் ஒல்லாந்தரிடம் இருந்தது. இன்று அங்கே போகிறவர்களைப் பெண்களை அடைத்துவைத்த அறைகளுக்குள்ளும், ஆளுநர் மாடத்திலிருந்து பெண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த முற்றத்துக்குள்ளும் அழைத்துப் போகிறார்கள். மேலே வழிபாட்டு இடம், கீழே இருட்டறை. இரண்டையும் ஒரே நடையில் காட்டுகிறார்கள். நெதர்லாந்திலேயே 2021இல் ரைக்ஸ் அருங்காட்சியகம் அடிமை முறை பற்றிய கண்காட்சியை நடத்தியது. அட்லாண்டிக் கதையோடு ஆசியக் கதையும் அதில் இருந்தது. 2023 ஜூலை 1 அன்று மன்னர் வில்லெம் அலெக்ஸாந்தர் மன்னிப்புக் கேட்டார்.

ஆகவே விருந்து வேண்டாம், கப்பலை மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விருந்துக்கு வருகிறவர் ஒரு தளம் கீழே இறங்கினால் அங்கே பீப்பாய்களுக்கு நடுவே பெயர்களும் இருக்க வேண்டும். மீட்டெடுத்தல் என்ற சொல்லுக்கு அதுதான் முழுப்பொருள். தேக்கைத் தேடி நட்டவர்கள், பாய் தைக்கும் பழைய தையலைத் தேடிக் கற்றவர்கள், கப்பலில் போனவளின் பெயரைத் தேடுவதையும் அதே வேலையின் பகுதியாகக் கொள்ளலாம்.

இதே கேள்வி நம் பக்கமும் திரும்பும். பழவேற்காட்டைப் பாரம்பரியச் சுற்றுலா ஊராகக் காட்டும் ஆசை வளர்ந்து வருகிறது. படகுச் சவாரி, பூநாரை, கல்லறை. அந்த ஊரின் ஏரியில் யார் எங்கே எந்த நாளில் வலை போடலாம் என்பதைப் 'பாடு' என்ற பழைய முறை தீர்மானிக்கிறது. பாட்டுரிமை ஆண்களுக்கு உரியது. பெண்கள் மீன் விற்கிறார்கள், கருவாடு போடுகிறார்கள். பழங்குடிப் பெண்கள் இடுப்பளவுச் சேற்றுநீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் பனை ஓலையில் பெட்டி முடைகிறார்கள். ஏரி அவர்கள் உழைப்பில் நிற்கிறது, உரிமைப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. நூற்றவள் துணிக்கணக்கில் இல்லாததும் இதுவும் ஒரே கணக்குமுறை. இன்றைய மேல்தளத்தில் யார், கீழ்த்தளத்தில் யார் என்று கேட்காமல் நேற்றைய கப்பலைப் பற்றி மட்டும் கோபப்படுவது எளிது.

மாணவிகளுக்கு ஒரு செய்தியோடு முடிக்கிறேன். ஒல்லாந்துக் கம்பெனியின் ஆவணங்கள் சுமார் இரண்டரைக் கோடிப் பக்கங்கள் மிஞ்சியிருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவை இருக்கும் நகரங்கள் ஐந்து: ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன், சென்னை. கத்ரைன் வாழ்ந்த நகரங்களும் அவளை வாங்கி விற்றவர்களின் நகரங்களும் ஏறத்தாழ இவைதான். ஐந்தாவது எழும்பூரில் இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து பேருந்தும் மின்சார ரயிலும் மாறினால் காலையில் போய் மாலையில் திரும்பலாம். படிக்கப் பழைய டச்சு மொழி தெரிய வேண்டும். நமக்குக் கிரந்தமும் வட்டெழுத்தும் கற்ற தலைமுறை இருந்தது, இதையும் கற்கலாம். கேப்டவுன் பதிவுகள் பல இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன.

தேடும்போது பழவேற்காடு என்று தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள். பாலியகத்தா, பாலியகாட்டே, பல்லியகத்தா என்று எழுத்தர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருக்கிறார்கள். என் மாணவி அன்று நோட்டில் எழுதியது இந்த எழுத்து வேறுபாடுகளைத்தான் என்று பிறகு பார்த்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் எழுத இடம் விட்டு வைத்திருந்தாள். முதல் வரியில் கத்ரைன் இருந்தாள். மற்ற வரிகள் காலியாக இருந்தன.